ஒன்ராறியோ என்றொரு எஞ்சின்

ஸ்காபரோவில் எங்கள் வீட்டு நிலக்கீழறைக்கு வருகிறவர்கள் வாசலில் குனியவேண்டும். குனியாவிட்டால் ஆனையிறவு நெஞ்சில் இடிக்கும்.

அறை பதினெட்டு அடி நீளம், பன்னிரண்டு அடி அகலம். நாலு சுவரையும் ஒட்டி இரண்டடி அகலத்தில் ஒட்டுப்பலகை அடித்து, அதன்மேல் கோச்சிப் பாதை போட்டிருக்கிறேன். பாதை அறையைச் சுற்றி வரவேண்டுமென்றால் வாசலைக் கடந்தாக வேண்டும். அந்த இடத்தில் மட்டும் கழற்றி எடுக்கக்கூடிய ஒரு பலகை. இரண்டு பக்கமும் நீலம் பூசி, நடுவிலே ஒடுங்கிய ஒரு மண் அணை; ஓரத்தில் கண்ணாடித்தூள் தூவிய உப்பளம். அதுதான் ஆனையிறவு. அந்தப் பலகையை எடுத்துவிட்டால் குடாநாடு தனி, வன்னி தனி. இதை நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. கதவு அங்கே இருந்தது, அவ்வளவுதான்.

2014 ஐப்பசி 13ஆம் திகதி யாழ்ப்பாணம் ஸ்ரேசனுக்குத் திரும்பவும் கோச்சி வந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். இருபத்துநாலு வருசத்துக்குப் பிறகு வந்தது. மாலையும் வாழையும் கட்டின எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்த மனுசி, "எங்கட காலத்துக் கோச்சி இப்பிடி இல்லையே" என்றாள். அந்தப் பனிக்காலத்தில்தான் முதல் பலகையை அறுத்தேன்.

மாதிரிக் கோச்சி விளையாட்டுக்கு உலகத்தில் பல அளவுகள் உண்டு. வட அமெரிக்காவில் பெரும்பாலானோர் எடுப்பது எச்.ஓ. என்கிற அளவு. உண்மையில் 87 அடி இருப்பது இங்கே ஒரு அடி. ஐந்தடி எட்டங்குல மனிதர் இந்த உலகத்தில் 20 மில்லிமீற்றர் உயரம். கொழும்புக் கோட்டையிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். அதை 87ஆல் பிரித்தாலும் நாலரைக் கிலோமீற்றருக்கு மேலே பாதை போடவேண்டும். என் அறையைச் சுற்றினால் பதினேழு மீற்றர் வரும். கொடிகாமத்துக்கும் மிருசுவிலுக்கும் இடையிலுள்ள தூரத்துக்குக்கூட அது காணாது. எனவே இந்தக் கலையில் முதலில் கற்கவேண்டியது எதை விடுவது என்பதைத்தான். கொழும்பை விட்டேன். பொல்காவலையை, அநுராதபுரத்தை, வவுனியாவை விட்டேன். பரந்தனில் தொடங்கி, ஆனையிறவு, பளை, கொடிகாமம், நாவற்குழி, யாழ்ப்பாணம் என்று ஆறு இடம். எழுதுமட்டுவாள்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுத் தன் ஊர் இல்லையென்று தேத்தண்ணி குடிக்காமல் போனார்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இலங்கைத் தண்டவாளம் அகலப்பாதை. இரண்டு கம்பிகளுக்கும் இடையே ஐந்தரை அடி, அதாவது 1676 மில்லிமீற்றர். என் அளவில் அது 19 மில்லிமீற்றருக்குச் சற்று மேலே இருக்கவேண்டும். கடையில் விற்கிற எச்.ஓ. பாதையோ 16.5 மில்லிமீற்றர். அதை 87ஆல் பெருக்கினால் 1435 வரும். கனடாவிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவில் பல நாடுகளிலும் உள்ள பாதை அகலம் அது. அகலமாகப் பாதையை நானே செய்து, சில்லுகளையும் அச்சுகளையும் அதற்கேற்ப மாற்றலாம். அப்படிச் செய்கிற வல்லாளர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கண்ணும் கையும் அவ்வளவுக்கு இல்லை. ஆகவே என் யாழ்தேவிக் கோச்சி கனடாப் பாதையில் ஓடுகிறது. முதலில் இது எனக்கு ஒரு குறையாகப் பட்டது. எஞ்சினைச் செய்யத் தொடங்கியபிறகு அப்படித் தோன்றவில்லை.

அந்த எஞ்சினைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எங்கள் வீடு கொடிகாமம் ஸ்ரேசனுக்குக் கிழக்கே, பாதையோரம். வேலிக்கு அப்பால் ஒரு பனை வடலி, அதற்கப்பால் தண்டவாளம். எனக்குப் பத்து வயது ஆகும்போது வீட்டில் மணிக்கூடு ஒன்று இருந்தது. ஆனால் அம்மா அதைப் பார்ப்பதில்லை. விடியக் கொழும்பில் வெளிக்கிட்ட யாழ்தேவி எங்கள் வேலியைக் கடந்தால் மத்தியானம், சோற்றை இறக்கலாம். இரவு மெயில் ஊதினால் விளக்கைத் தணிக்கலாம். யாழ்தேவி 1956 சித்திரையில் ஓடத் தொடங்கியது. பாதை அதற்கும் அரை நூற்றாண்டு மூத்தது. 1902இல் காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரைக்கும் தனியாக ஒரு துண்டு போட்டார்கள். தெற்கிலிருந்து வந்த பாதையோடு அது தொடுத்து, 1905இல் கொழும்புக்கு நேரே போகலாம் என்று ஆனது. ஆச்சி அந்தக் காலத்து மனிசி. சாகும்வரைக்கும் கோச்சியைப் 'புகைவண்டில்' என்றே சொன்னா.

நான் கண்ட எஞ்சின்களில் புகை இல்லை. டீசல். அதன் பக்கத்தில் ஒரு இலக்கமும் ஒரு பெயரும் இருக்கும். பள்ளிக்கூடத்தில் ஆங்கில எழுத்துப் பிடிபடத் தொடங்கிய நாளில் நானும் தம்பியும் வேலியில் ஏறி நின்று வாசிப்போம். ஒருநாள் 569 வந்தது. ஓ, என், ரி என்று எழுத்துக் கூட்டுவதற்குள் எஞ்சின் போய்விடும். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ முழுதாக வாசித்தோம்: ஒன்ராறியோ. இன்னொரு நாள் 570 வந்தது, அது அல்பேட்டா. எங்களுக்கு இவை சாமியின் பெயர்களோ கப்பலின் பெயர்களோ தெரியவில்லை. பெரியப்பாவிடம் கேட்டேன். அவர் லைனில் வேலை செய்தவர். கோச்சி சம்பந்தமான எல்லாம் அவருக்குத் தெரியும் என்பது வீட்டு நம்பிக்கை.

"அது கனடாவில இருக்கிற ஊரடா தம்பி. அவங்கள் எங்களுக்கு இனாமாத் தந்த எஞ்சின்."

"அவங்கள் ஏன் எங்களுக்குத் தரவேணும்?"

"இல்லாதவனுக்கு இருக்கிறவன் குடுக்கிறதுதானே" என்றார் பெரியப்பா.

அவர் சொன்னது சரி. கொழும்புத் திட்டம் என்று ஐம்பதுகளில் ஓர் உதவித் திட்டம் இருந்தது. அதன்கீழ் கனடா கொடுத்த டீசல் எஞ்சின்கள் 1954இல் இலங்கைக்கு வரத்தொடங்கின. ரயில்வேக்காரர் அவற்றை எம்2 என்பார்கள். 1425 குதிரைவலு. பன்னிரண்டு சிலிண்டர். கனடாவின் மாகாணங்களின் பெயர்களை அவற்றுக்கு வைத்தார்கள். செய்த இடம் ஒன்ராறியோ மாகாணத்து லண்டன் நகரில் இருந்த ஜெனரல் மோட்டர்ஸ் டீசல் தொழிற்சாலை. ஸ்காபரோவிலிருந்து நெடுஞ்சாலையில் இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்று மேலே ஓடினால் லண்டன். அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு இந்த மாகாணத்தில் முதல் பனியைப் பார்த்த அன்று எனக்கு 569 ஞாபகத்துக்கு வரவில்லை. பல வருசம் கழித்து, கார் இலக்கத் தகடு புதுப்பிக்கப் போய் வரிசையில் நின்றபோது, சுவரில் பெரிதாக எழுதியிருந்த மாகாணத்தின் பெயரை எழுத்துக் கூட்டுவதுபோல் வாசித்தேன். அப்போது வந்தது.

எம்2வின் மாதிரி கடையில் கிடைக்காது. செய்யவேண்டும். அதே லண்டன் தொழிற்சாலை ஐம்பதுகளின் கடைசியில் கனடிய நசனல் ரயில்வேக்குச் செய்துகொடுத்த ஜி.எம்.டி.1 என்கிற எஞ்சினின் மாதிரி ஒன்று, பழையது, ஒரு மாதிரிக் கோச்சிச் சந்தையில் கிடைத்தது. அதன் அடிப்பாகத்தில் எம்2வைப்போலவே முனைக்கு மூன்று அச்சு. நடு அச்சு பாரம் தாங்கமட்டும், மற்ற இரண்டும் இழுக்க. அடிச்சட்டத்தை அறுத்துக் குறுக்கினேன். மேலே மூடுகிற கூட்டைப் பிளாஸ்ரிக் தகட்டில் வெட்டி ஒட்டினேன். மூன்று கூடு பழுதாகி நாலாவது சரிவந்தது.

நிறத்துக்குத்தான் சண்டை. தம்பி பாரிஸில். மச்சான் மெல்பேணில். அக்கா, பெரியப்பாவின் மகள், லண்டனில், உண்மையான லண்டனில். நாலு பேரும் தொலைபேசியில் கூடினோம். பெட்டிகள் காவி கலந்த சிவப்பு என்பதில் பிரச்சினை இல்லை. ஆனால் காய்ந்த இரத்தம்போலவா, செங்கல்போலவா? எஞ்சினில் நிறப் பட்டி எங்கே ஓடியது? அக்கா சொன்னா, "எனக்கு நிறம் தெரியாது. யன்னல்கட்டையில கைவைச்சா உள்ளங்கையில தூசி ஒட்டும், அதுதான் தெரியும்." அந்தத் தூசியையும் பூசினேன். பழுப்பு நிறச் சுண்ணப் பொடியை மெல்லிய தூரிகையால் தேய்த்தால் அது வரும்.

பயணிகள் கோச்சி ஓடவைப்பது சரக்குக் கோச்சியைவிடக் கடினம். பெட்டிகள் நீளம். வளைவு நெருக்கமாக இருந்தால் பெட்டியின் நடு உள்ளே சாயும், முனைகள் வெளியே நீட்டும், ஒன்றையொன்று தள்ளித் தடம்புரளும். பெட்டியில் வருகிற விளையாட்டுக் கோச்சிகளுக்குப் பதினெட்டு அங்குல ஆரை வளைவு போதும். நான் இருபத்தெட்டு வைத்தேன். பாரமும் வேண்டும். பாரம் குறைந்த பெட்டி வளைவில் உள்ளே விழும். ஓர் அவுன்ஸ் அடிப்படை, நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ் என்பது இங்குள்ளோர் கைக்கொள்கிற விதி. என் பெட்டி எட்டு அங்குலம், ஆகவே ஐந்து அவுன்ஸ். கனடாவில் 2013 மாசியோடு ஒரு சதக்குற்றியைக் கைவிட்டார்கள். ஒரு பிஸ்கற் ரின் நிறைய வீட்டில் கிடந்தது. ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் இருக்கைகளுக்குக் கீழே இருபது சதம் ஒட்டியிருக்கிறேன். எங்கள் ஆட்கள் யாழ்தேவியில் கொண்டுபோன பாரத்துக்கு அது ஒன்றுமே இல்லை. முருங்கைக்காய்க் கட்டு, பனங்கிழங்கு, ஒடியல், மிளகாய்த்தூள் போத்தல், பங்குனி சித்திரை கழிந்தால் வைக்கோல் போட்டு அடுக்கிய மாம்பழப் பெட்டி. தென்மராட்சிக் கறுத்தக்கொழும்பான் கொழும்புக்குப் போகும் நாட்களில் பெட்டி முழுக்க அந்த வாசம் நிற்கும். திரும்பி வருகையில் கொழும்பிலிருந்து வருவது பாணும் பட்டரும் புதுச் சட்டையும்.

ஓட்டுகிற முறையும் மாறிவிட்டது. முன்பு தண்டவாளத்துக்குக் கொடுக்கிற மின்னைக் கூட்டிக் குறைத்து ஓட்டினார்கள். மின் கூடினால் வேகம், குறைந்தால் மெதுவு. ஒரே பாதையில் இரண்டு எஞ்சின் நின்றால் இரண்டும் ஓடும். இப்போது டி.சி.சி. என்று ஒரு முறை. தண்டவாளத்தில் எப்போதும் ஒரே அளவு மின் நிற்கும். எஞ்சினுக்குள்ளே விரல்நகம் அளவில் ஒரு மின்னணுச் சில்லு. அதற்கு ஓர் இலக்கம். கைக்கட்டுப்பாட்டில் அந்த இலக்கத்தை அழுத்தினால் அந்த எஞ்சின் மட்டும் கேட்கும். நான் அழுத்துவது 5, 6, 9. எப்படித் தொடங்கவேண்டும், எவ்வளவு நேரம் எடுத்து வேகம் பிடிக்கவேண்டும், எப்படி நிற்கவேண்டும் என்பதையெல்லாம் அந்தச் சில்லுக்குள் இலக்கமாக எழுதிவைக்கலாம். நிறுத்து என்றவுடன் நிற்காமல், ஸ்ரேசன் மேடையின் நீளம் முழுக்க உருண்டு வந்து நிற்கிறமாதிரி எழுதுவதற்கு எனக்கு ஒரு மாசம் பிடித்தது. கண்ணை மூடி, கொடிகாமத்தில் நின்று, எத்தனை பெட்டி கடந்தபிறகு சில்லுகளின் சத்தம் மாறும் என்று நினைத்து நினைத்து மாற்றினேன்.

பேரன் பொறுமையில்லாதவன்.

"அம்மப்பா, கொஞ்சம் ஸ்பீடா விடட்டே?"

"இல்லை ராசா. ஒரு செக்கனுக்குப் பத்து அங்குலம். அதுக்கு மேல வேண்டாம்."

பத்து அங்குலம் என்பது என் அளவில் மணிக்கு 80 கிலோமீற்றர். அவனுக்கு அது ஆமை. யன்னலோரம் இருந்து இயக்கச்சிப் பனைகளை எண்ணினவர்களுக்கு அது பறப்பு.

சத்தம் பிறகு வந்தது. சில்லோடு சின்ன ஒலிபெருக்கியும் வைக்கலாம். எம்2வின் உள்ளே இருந்தது 567 என்கிற வரிசை இயந்திரம். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 567 கன அங்குலம் என்பதால் அந்தப் பெயர். அதே வரிசை இயந்திரம் வட அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான எஞ்சின்களில் ஓடியது. அதைப் பதிவுசெய்த சில்லுகள் விற்கின்றன. ஒரு சனிக்கிழமை இரவு அதைப் பூட்டி, 569ஐ அழுத்தினேன். முதலில் ஓர் இருமல். பிறகு அடித்தொண்டையில் அந்த உறுமல், நின்ற இடத்திலேயே மூச்சு வாங்குவதுபோல. மேலே சமையலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. மனுசி மீசாலைக்காரி, அவளுடைய வீடும் பாதையோரம்தான். படியில் இறங்கும் காலடி கேட்டது. வாசலில் ஆனையிறவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, கை ஈரத்தைச் சட்டையில் துடைத்தபடி சொன்னாள்:

"அணைக்காதேங்கோ. கொஞ்சம் நிக்கட்டும்."

பத்து நிமிசம் நின்றது. இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை.

இந்த விளையாட்டில் ஓட்டுவது பத்தில் ஒரு பங்கு, மிச்சமெல்லாம் பராமரிப்பு. தண்டவாளம்தான் மின்கம்பி. அதன் தலையில் தூசியும் எண்ணெயும் சேர்ந்து ஒரு கறுப்புப் படை பிடிக்கும். பிடித்தால் எஞ்சின் விக்கும், பெட்டிகளில் விளக்கு மினுக்கும். உரஞ்சுகிற கல்லால் தேய்த்தால் பளிச்சென்று வரும். ஆனால் கீறல் விழுந்து, கீறலுக்குள் இன்னும் வேகமாக அழுக்குச் சேரும். ஐசோபுரோபைல் அற்ககோலில் நனைத்த பருத்தித் துணிதான் நல்லது. அப்பாவின் பழைய வேட்டி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதிலே கிழித்த துண்டுகள். ஒருமுறை சுற்றித் துடைத்தால் வெள்ளைத் துணியில் இரண்டு கறுப்புக் கோடு விழும். வருசத்துக்கு இரண்டு தடவை எஞ்சினின் பற்சில்லுகளுக்கு எண்ணெய். ஊசிமுனையில் ஒரு துளி, அதற்கு மேலே விட்டால் அது வழிந்து தண்டவாளத்துக்கு வரும். சில்லுகளின் இடைவெளியை அளவுத்தகடு வைத்துப் பார்க்கவேண்டும். ஒரு மயிர் கூடினாலும் பாதை பிரியும் இடத்தில் குத்தும்.

கனடாவில் இன்னொரு தொல்லை. பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக்கும்போது காற்று காய்ந்து மரம் சுருங்கும். கோடையில் ஈரத்தில் விரியும். பலகை சுருங்கினால் மேலே உள்ள தண்டவாளத்துக்குப் போக்கிடமில்லை. முதல் பனிக்காலத்தில் பளைக்கும் கொடிகாமத்துக்கும் நடுவே பாதை பாம்பு மாதிரி நெளிந்து கிடந்தது. நான் இணைப்புகளை இறுக்கமாக முட்டவைத்திருந்தேன். அழகாக இருக்கட்டும் என்று.

நெளிந்த கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது பெரியப்பாவின் குரல் கேட்டது. தோளில் ஸ்பனரும் கையில் நீளப் பிடிச் சுத்தியலும், பின்னால் அலவாங்கோடு இரண்டு பேர். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் தேத்தண்ணிப் போத்தலோடு நான். வெயில் ஏறுவதற்குமுன் நடந்து, தன் பகுதிப் பாதையைப் பார்த்துவிடுவார். சுத்தியலால் தட்டுவார், நல்ல சத்தம் வந்தால் தாண்டுவார், கட்டைச் சத்தம் வந்தால் குந்துவார். ஒரு தண்டவாளமும் அடுத்ததும் சந்திக்கும் இடத்தில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு நீக்கல். "இதையேன் பெரியப்பா ஒட்டாமல் விட்டிருக்கு?" என்று கேட்டேன்.

"இரும்புக்கும் மூச்சுவிட இடம் வேணுமடா. இறுக்கிக் கட்டினா வெயிலுக்கு நெளிஞ்சுபோம்." பிறகு தண்டவாளத்தின் தலையைத் தொட்டுக் காட்டுவார். "இஞ்ச பார், கண்ணாடி மாதிரி மினுங்குது. நான் துடைக்கேல்லை. ஓடுற பாதை தன்னால மினுங்கும். ஓடாட்டிக் கறள்தான்."

நான் கிறுக்குத்தனமாக நினைத்துக்கொண்டிருந்தேன், கோச்சி ஓடுவது எஞ்சினாலே என்று. பெரியப்பா போன்றவர்கள் எழுதப்படாத ஆட்கள். கடவையில் கேற் போட்டவர், கைகாட்டியின் விளக்குக்கு எண்ணெய் விட்டவர், ஓடிவருகிற எஞ்சினுக்கு வளையத்தில் டப்லட்டைக் கொளுவிக் கொடுத்தவர். அந்த டப்லட் இல்லாமல் ஒற்றைப் பாதையில் அடுத்த ஸ்ரேசனுக்குப் போக எந்த எஞ்சினுக்கும் உரிமை இல்லை. யாழ்தேவி நேரத்துக்கு வந்ததென்றால் விடியமுன்னம் எத்தனையோ பேர் எழும்பியிருந்தார்கள் என்று அர்த்தம்.

முதல் விபத்தையும் சொல்லிவிடவேண்டும். ஒரு மாலை யாரோ கூப்பிட்டார்கள் என்று ஆனையிறவைக் கழற்றி வைத்துவிட்டு மேலே போனேன். திரும்பி வந்தபோது பலகையை வைக்க மறந்துபோய், பரந்தனில் நின்ற 569ஐ அழுத்தினேன். கொடிகாமத்தின் பனைகளுக்குக் கொஞ்சம் பசை பூசிக்கொண்டிருந்தேன், முதுகுக்குப் பின்னால் சீமெந்துத் தரையில் விழுந்த சத்தம். எஞ்சினும் இரண்டு பெட்டியும். கூடு நெற்றியில் பிளந்து, ஓர் அச்சு கழன்று, சதக்குற்றிகள் அறை முழுக்க உருண்டன. அடுத்த வாரம் ஒரு சின்னச் சுவிட்ச் பூட்டினேன். பலகை இல்லாவிட்டால் அதன் இரு பக்கமும் மூன்றடி தூரத்துக்குத் தண்டவாளத்தில் மின் வராது; எஞ்சின் விளிம்புக்கு முன்னே தானாக நிற்கும். விலை இரண்டு டொலருக்குள். முதலே பூட்டியிருக்கலாம்.

நான் கொடிகாமத்தில் கோச்சி ஏறியது 1984 ஆவணியில், இரவு மெயிலில். அப்போதே சனம் கோச்சிக்குப் பயப்படத் தொடங்கிவிட்டது. முந்தின வருசம் ஆடிக் கலவரத்தில் நடந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். வழக்கமாக மெயிலுக்கு வழியனுப்ப ஊரே வரும். அன்றைக்கு மேடையில் ஆட்கள் குறைவு. அப்பா ஸ்ரேசன் மாஸ்ரரோடு கதைத்துக்கொண்டு நின்றார், என்னோடு கதைக்காமல் இருப்பதற்காக. அம்மா வாழையிலையில் கட்டிய புட்டும் பொரியலும் தந்தா. பெரியப்பா வெளியே, மேடைக்குக் கீழே, தண்டவாளத்தின் பக்கத்தில் அரிக்கன் லாம்போடு நின்றார். கோச்சி நகர்ந்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. சில்லுகளைப் பார்த்தார். பழக்கம்.

1985 தையில் முறிகண்டியில் யாழ்தேவிக்குக் குண்டு வைத்தார்கள். அதன்பிறகு ஓடியும் ஓடாமலும் இழுத்து, 1990 ஆனியோடு யாழ்ப்பாணத்துக்குக் கோச்சி நின்றது. பிறகு நடந்ததை அம்மாவின் கடிதங்களில் வாசித்தேன். முதலில் கறள். பிறகு சிலிப்பர்க்கட்டைகளைக் காணவில்லை. பிறகு தண்டவாளத்தையே காணவில்லை. எல்லாம் பங்கர்களுக்கு முகடாகவும் சுவராகவும் போயின. பெரியப்பா சுத்தியலால் தட்டித் தட்டிக் காத்த இரும்பை யார் தோளில் வைத்துத் தூக்கினார்கள் என்று அம்மா எழுதவில்லை. "பெரியப்பா இப்பவும் விடிய எழும்பி அந்தப் பக்கம் நடக்கிறார். அங்க ஒண்டும் இல்லை" என்று மட்டும் ஒரு கடிதத்தில் இருந்தது.

2016இல் போனேன். கோட்டையிலிருந்து யாழ்தேவியில். புதுப் பாதை, கொங்கிரீட் சிலிப்பர், நீளமாகப் பற்றவைத்த தண்டவாளம். பழைய தாளம் அவ்வளவாக இல்லை. இந்திய நிறுவனம் ஒன்று போட்ட பாதை, வேலை சுத்தம். ஆனையிறவில் யன்னலோரம் எழும்பி நின்றேன், உப்புக்காற்று அதேதான். கொடிகாமத்தில் இறங்கினேன். புதுக் கட்டடம், நல்ல கட்டடம். வெளியே ஓட்டோக்கள் நின்றன. பருத்தித்துறைக்கும் நெல்லியடிக்கும் சனத்தை ஏற்ற வாலைத் திறந்துகொண்டு நிற்கும் தட்டிவான்களை என் கண் தேடியது. தட்டிவான் பெடியனின் "பருத்துறை, பருத்துறை" என்ற கூச்சலையும்.

கோச்சி திரும்பி வந்துவிட்டது. அதில் எனக்குக் குறையே இல்லை. அன்று என்னோடு அந்த மேடையில் இறங்கியவர்கள் பத்துப் பேர் இருக்கும்; அவரவர் தொலைபேசியைப் பார்த்தபடி வெளியேறினார்கள். யாரும் யாரையும் எதிர்பார்த்து நிற்கவில்லை. அந்தக் காலத்தில் இறங்குகிறவர் ஒருவரென்றால் கூப்பிட வருகிறவர் ஐந்து பேர். வராதவருக்காகவும் வந்து நிற்பார்கள்; நாளைக்கு வருவார் என்று திரும்பிப் போவார்கள். நான் இறங்கினபோது என்னைக் கூப்பிட வரக்கூடிய ஆட்கள் எல்லாம் பாரிஸிலும் மெல்பேணிலும் லண்டனிலும் சுடலையிலும் இருந்தார்கள். ஸ்ரேசனில் இருந்து வீடு பத்து நிமிச நடை. வடலி வளர்ந்து பனையாகியிருந்தது.

திரும்பிவந்து மேடைக்கு ஆட்கள் வைக்கத் தொடங்கினேன். 20 மில்லிமீற்றர் மனிதர்களை ஜேர்மனியில் செய்து விற்கிறார்கள். கோட்டும் தொப்பியும் போட்டவர்கள். கோட்டை அரத்தால் தேய்த்து, மெல்லிய ரிசுத் தாளைப் பசையில் நனைத்துச் சுற்றினால் வேட்டி. பெண்ணின் பாவாடைக்கு மேலே ஒரு தலைப்பை இழுத்துவிட்டால் சேலை. இதுவரைக்கும் நாற்பத்தொரு பேர். அம்மா இருக்கிறா, அப்பா ஸ்ரேசன் மாஸ்ரரோடு நிற்கிறார். தண்டவாளத்தின் பக்கத்தில் சுத்தியலோடு ஒருவர். பேரன் அவரை ஒவ்வொரு முறையும் கையால் தட்டி விழுத்திவிடுவான், நான் ஒட்டிவைப்பேன்.

569ஐச் செய்த லண்டன் தொழிற்சாலையை 2012இல் மூடிவிட்டார்கள். தொழிலாளர் கேற்றுக்கு வெளியே பனியில் நெருப்பு மூட்டி நின்றதைச் செய்தியில் காட்டினார்கள். அதைப் பார்த்த எனக்குச் சொந்த ஊரில் ஏதோ மூடியதுபோல இருந்தது.

இப்போது என்னிடம் குறையாக இருப்பது கொடிகாமம் பழைய ஸ்ரேசன் கட்டடம். வெறும் மட்டையில் ஒரு கூடு செய்துவைத்திருக்கிறேன். ரிக்கற் கொடுக்கும் யன்னல் எந்தப் பக்கம் என்பதில் தம்பியும் நானும் இன்னும் சண்டை. அக்கா ஒரு மூன்றாவது பக்கம் சொல்கிறா. எங்கள் வீட்டுப் படங்கள் இடப்பெயர்வில் போய்விட்டன. ஆனால் அந்த மேடையில் எத்தனையோ பேர் படம் எடுத்திருப்பார்கள். கலியாணம் முடிந்து கொழும்புக்குப் போன மாப்பிள்ளை பொம்பிளை, வெளிநாட்டுக்கு வெளிக்கிட்ட பிள்ளை, மாற்றலாகிப் போன வாத்தியார். உங்கள் அல்பத்தில் 1990க்கு முந்திய அப்படி ஒரு படம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். நிற்கிறவர்களுக்குப் பின்னாலே கட்டடம் கொஞ்சம் தெரிந்தாலும் போதும். ஆட்கள் யாரென்று தெரிந்தால் அதையும் படத்தின் பின்பக்கத்தில் எழுதிவிடுங்கள். மேடையில் இன்னும் இடம் இருக்கிறது.